திரண்டுபோன புரதத்தோடு சாக்ஸ் எடுப்பதா? திருகோணமலையில் இருந்து பார்த்தால் எந்த வழி நல்லது

கோணேசபுரி வளாகத்தில் படித்துவிட்டு இப்போது மேற்படிப்புக்காகப் புரதம் சுத்திகரித்துக்கொண்டிருக்கிற தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, சாம்பிளில் கொஞ்சம் அக்ரிகேட் இருக்கு. அப்படியே சாக்ஸுக்கு அனுப்பிப்போட்டுப் பிறகு சொஃப்ட்வெயாரில கழிக்கலாம்தானே?” அக்ரிகேட் என்பது ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுபோன மூலக்கூறுகள், கீழே திரள் என்கிறேன்; சாக்ஸ் ஒரு எக்ஸ்-கதிர் அளவீடு. கழிக்கலாம், சில நேரங்களில். எந்த நேரங்களில் என்பதற்கு வட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை, அதனால் இருக்கிற வழிகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். கடைசியாகச் சுத்தம் செய்ததற்கும் கதிர் படுவதற்கும் இடையில் எத்தனை மணி நேரம் போகும் என்பதை வைத்தே எங்களைப் போன்றவர்கள் வழியைத் தெரிவுசெய்ய வேண்டும். நாட்டில் சின்க்ரோத்ரன் (வலிமையான எக்ஸ்-கதிர் தரும் பெரிய முடுக்கி) இல்லை. இந்தூரோ, தாய்லாந்தோ, தாய்வானோ, மெல்பேர்னோ, எங்கே அனுப்பினாலும் சாம்பிள் முதலில் கட்டுநாயக்கா வரை போயாக வேண்டும், அதற்கே ஆறேழு மணி நேரம்.

தெரியாதவர்களுக்கு: சாக்ஸ் என்பது சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல். புரதத்தைப் பளிங்காக்காமல் கரைசலிலேயே வைத்துக் கதிரைப் பாய்ச்சி, நேர்க்கற்றைக்கு மிக அருகே சிதறுவதை அளந்து, துகளின் பருமன், வடிவம், மூலக்கூற்றுத் திணிவு எல்லாம் எடுக்கிறோம். வசதியான முறை. ஆனால் கரைசலில் இருக்கிற எல்லாத் துகளையும் ஒன்றாகக் கூட்டித்தான் ஒரு வளைகோடு தரும், எது யாருடைய பங்கு என்று சொல்லாது. அதிலும் அந்தக் கூட்டல் நியாயமான கூட்டல் இல்லை. ஒரு துகளின் சிதறல் அதன் திணிவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், ஆக ஒரே நிறையை எடுத்துக்கொண்டால் திணிவுக்கு நேர்விகிதமாகக் கூடும். 100 மூலக்கூறு சேர்ந்த திரள் நிறையில் வெறும் 1 சதவீதம் இருந்தால்? நல்ல புரதம் 0.99 பங்கு, திரள் 0.01 தடவை 100, அதாவது 1 பங்கு. பூச்சியக் கோணத்துச் சிதறல் வலிமை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூலக்கூற்றுத் திணிவும் இரண்டு மடங்காக வரும், நீங்கள் “ஆகா, டைமர்!” (இரண்டு மூலக்கூறு சேர்ந்தது) என்று சந்தோஷப்படுவீர்கள்.

ஆரையும் அப்படித்தான். உண்மையான சுழல் ஆரை (துகள் தன் மையத்திலிருந்து எவ்வளவு பரந்திருக்கிறது என்ற அளவு) 2.7 நானோமீற்றர் என்று வைப்போம். 20 மூலக்கூறு சேர்ந்த, 8 நானோமீற்றர் ஆரையுள்ள திரள் 1 சதவீதம் கலந்தால், கணக்குப்படி வருவது 4.1. எஸ்டிஎஸ் ஜெல்லில் (சோப்புப் போன்ற எஸ்டிஎஸ் சேர்த்துப் புரதங்களைப் பருமன்படி பிரிக்கும் சோதனையில்) ஓட்டிப் பார்த்தேன், ஒரே பட்டைதான் என்று சொல்லாதீர்கள். பெரும்பாலான திரளை அந்த ஜெல் உடைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறது.

அடையாளம் தெரிவது கினியே வரைபில். ஆந்ரே கினியே 1939இல் சொன்னபடி வலிமையின் மடக்கையைக் கியூவின் (சிதறல் கோணத்தோடு கூடும் அளவு) வர்க்கத்துக்கு எதிரே போட்டால், கியூவையும் ஆரையையும் பெருக்கி 1.3க்குள் இருக்கும்வரை, நேர்கோடு வர வேண்டும். இடது ஓரத்தில் கோடு மேலே வளைந்தால் திரள் இருக்கிறது. இங்கே ஒரு கள்ளத்தனம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. செறிவு கூடின கரைசலில், ஒரே ஏற்றமுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளும், அந்தத் தள்ளல் இடது ஓரத்தைக் கீழே இழுக்கும். திரள் மேலே தூக்க, தள்ளல் கீழே இழுக்க, இரண்டும் சேர்ந்து அழகான நேர்கோடு. கோடு நேராக இருக்கிறது என்பதற்காக நம்பாமல், பூச்சியக் கோண வலிமையிலிருந்து வரும் திணிவு, அமினோவமில வரிசைக்கிரமத்திலிருந்து தெரிந்த திணிவோடு பொருந்துகிறதா என்று பார்த்தால்தான் மாட்டிக்கொள்ளும். அதற்குச் செறிவைச் சரியாக அளந்திருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

சரி, வழிகள்.

இங்கேயே சுத்தம் செய்து அனுப்புவது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. 0.22 மைக்ரோன் வடிகட்டி கையில் இருக்கும், அதால் தள்ளிவிட்டு “ஃபில்டர் பண்ணியாச்சு” என்பார்கள். 0.22 மைக்ரோன் என்றால் 220 நானோமீற்றர். மேலே சொன்ன 20 மூலக்கூற்றுத் திரள் அதன் பத்தில் ஒரு பங்கு அகலம்கூட வராது, ஒன்றும் நடக்காததுபோல் வெளியே வரும். வடிகட்டி தூசியையும் கண்ணுக்குத் தெரியும் வீழ்படிவையும் பிடிக்கும், அவ்வளவுதான். மேசையில் வைக்கும் சென்ட்ரிபியூஜும் பெரிதாக வித்தியாசம் இல்லை. 66 கிலோடால்டன் புரதம் 20 சேர்ந்த திரளுக்குப் படிவுக் குணகம் (சுழற்றும்போது எவ்வளவு வேகமாகப் படியும் என்ற அளவு) சுமார் 30 ஸ்வெட்பெர்க் வரும். 15,000 ஜியில் (புவியீர்ப்பின் 15,000 மடங்கில்) 20 நிமிடம் சுற்றினால் அது நகரும் தூரம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். டியூபின் அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை! இதையே அல்ட்ரா சென்ட்ரிபியூஜில் 100,000 ஜியில் ஒரு மணி நேரம் சுற்றினால் திரள் ஒரு சென்ரிமீற்றர் இறங்கும், நல்ல புரதம் ஒன்றரை மில்லிமீற்றர்தான் இறங்கும், மேலே உள்ளதை மெதுவாக எடுக்கலாம். அதுதான் உண்மையான சுழற்றல். மற்றது மன ஆறுதல், ஆனாலும் செய்யுங்கள், பெரிய குப்பையாவது போகும்.

பருமன் பிரிப்புக் கொலத்தில், அதாவது துகள்களைப் பருமன்படி பிரிக்கும் நுண்துளை மணிகள் நிரப்பிய எஸ்இசி கொலத்தில், ஓட்டி நடுப்பகுதிப் பின்னங்களை மட்டும் எடுத்தால் சாம்பிள் உண்மையாகவே சுத்தமாகும். அந்த நிமிடத்தில். பிறகு என்ன செய்கிறீர்கள்? செறிவாக்குகிறீர்கள், செறிவாக்கியின் சவ்வில் புரதம் நெருங்குகிறது, அங்கேயே திரும்பத் திரளத் தொடங்குகிறது. அதன் பின் உறையவைத்து அனுப்ப வேண்டும். எனக்குத் தெரிந்து மிகவும் கெடுக்கிற கட்டம் இதுதான். சோடியம் பொசுபேற்று பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) வைத்து மெதுவாக உறையவைத்தால், இருசோடியம் உப்பு முந்திக்கொண்டு பளிங்காகி, மிச்சமிருக்கும் திரவத்தின் பிஎச் மூன்று அலகு அளவுக்குக்கூட இறங்கக்கூடும். பிஎச் 7இல் சந்தோஷமாக இருந்த புரதம் பிஎச் 4க்குக் கிட்ட எப்படி நடந்துகொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். பிபிஎஸ்ஸில் (உப்புச் சேர்த்த பொசுபேற்று பஃபரில்) சுத்திகரித்ததை அப்படியே மறை இருபது ஃபிரீசரில் போடுகிற பழக்கம் எங்கும் இருக்கிறது, அதை நிறுத்துங்கள். ஹெப்பெஸ் என்ற வேறு பஃபருக்கு மாற்றி, சின்னச் சின்னப் பங்காக மெல்லிய டியூப்களில் போட்டு, திரவ நைதரசனில் சட்டென்று உறையவைக்க வேண்டும். நைதரசன் கைக்கெட்டவில்லை என்றால், புரதம் தாங்குமானால், உறையவைக்காமல் 4 பாகையில் அனுப்புவதே மேல். உலர்பனியில் அனுப்புகிறவர்கள் டியூப் மூடியை நன்றாகச் சுற்றி ஒட்டுங்கள், காபனீரொட்சைட்டு உள்ளே போனால் அதுவும் பிஎச்சை இறக்கும்.

கச்சான் அடிக்கிற ஜூன், ஜூலையில் இங்கே வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மீன் கொழும்புக்குப் போகிற அதே மாதிரி ரெஜிபோம் பெட்டியில்தான் புரதமும் போகிறது, மீனுக்கு ஐஸ் கொஞ்சம் உருகினால் விலை குறையும், இதற்கு உருகி உறைந்தால் வேலையே போய்விடும். ஆகவே இங்கே எவ்வளவு திறமாகச் சுத்தம் செய்தாலும், அங்கே டியூபைத் திறக்கும்போது அது பழைய நிலையில் இருக்கும் என்று வைத்துத் திட்டம் போட வேண்டாம்.

இந்த இடத்தில்தான் கொலத்தோடு சேர்த்த சாக்ஸ், எஸ்இசி-சாக்ஸ், எங்களுக்குப் பொருந்துகிறது. கொலத்திலிருந்து வெளியே வருகிறதையே நேராகக் கதிருக்குள் விடுகிறார்கள். திரள் முதலில் வெளியேறும், பின்னால் நல்ல புரதம் வரும், பிரிந்த சில நிமிடங்களிலேயே அளவீடு முடிந்துவிடும், திரும்பத் திரள நேரமில்லை. சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஆர்கோன் ஆய்வகத்தில் 2004இல் இதைச் செய்து காட்டியபோதே திரளுகிற புரதங்களைச் சரியாக அளப்பதற்குத்தான் என்று சொல்லித்தான் செய்தார்கள். இன்று சின்க்ரோத்ரன்களின் கதிர்வரிகளான (அளவீட்டு நிலையங்களான) ஹம்பேர்க்கின் பி12, கிரெனோபிலின் பிஎம்29, இங்கிலாந்து டயமண்டின் பி21, தாய்வானின் 13ஏ எல்லாவற்றிலும் இது வழக்கமான வேலை. பெர்க்லியில் உள்ள சிபில்ஸ் கதிர்வரி தபாலில் வரும் சாம்பிளையும் எடுத்து ஓட்டித் தருகிறது, விசாவுக்கு அலையத் தேவையில்லை. இன்னொரு லாபம், பின்னணிக் கழித்தல். புரதம் வெளியேறும் சிகரத்துக்கு முன்னால் கொலத்திலிருந்து வரும் பஃபரே ஒப்பீட்டு பஃபர், அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

குறைகளும் உண்டு. கொலத்துக்குள் சாம்பிள் 5 முதல் 10 மடங்கு ஐதாகும், ஆகவே 5 முதல் 10 மில்லிகிராம்/மில்லிலீற்றர் செறிவில் 50 முதல் 100 மைக்ரோலீற்றர் வேண்டும். 24 மில்லிலீற்றர் கொலம், நிமிடத்துக்கு அரை மில்லிலீற்றர் என்றால் ஒரு ஓட்டத்துக்கு முக்கால் மணிக்கு மேல். 3 மில்லிலீற்றர் சின்னக் கொலம் சீக்கிரம் முடிக்கும், பிரிப்பு அவ்வளவு நன்றாக இருக்காது. மொனோமரும் (தனி மூலக்கூறும்) டைமரும் வேகமாக மாறிக்கொண்டிருக்கிற புரதம் என்றால் கொலத்துக்குள்ளேயே ஐதாகி விகிதம் மாறிக்கொண்டு போகும், சிகரத்தின் குறுக்கே ஆரை தட்டையாக இல்லாமல் சரிந்து வரும். அதைப் பார்த்தால் சராசரி எடுக்காதீர்கள்.

ஐதாக்கல் வரிசை, அதாவது மில்லிலீற்றருக்கு 1, 2, 5, 10 மில்லிகிராமில் அளந்து பூச்சியச் செறிவுக்கு நீட்டுவது, நல்ல பெயர் எடுத்த வழி. தள்ளலைச் சரிசெய்ய இது மிகவும் நல்லது. திரளுக்கு? திரள் மீளக்கூடியதாக இருந்தால் மட்டும். மீளாத திரளை எத்தனை மடங்கு ஐதாக்கினாலும் விகிதம் அப்படியேதான் இருக்கும், 1 சதவீதம் 1 சதவீதமாகவே இருக்கும், செறிவால் வகுத்துப் போட்டால் இடது ஓரத்து மேல்வளைவு ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் படியும். ஆகவே இதை நான் ஒரு திருத்தும் வழியாகப் பார்ப்பதைவிட ஒரு நோய்க்கணிப்பாகப் பார்க்கிறேன். ஐதாக்கக் குறைகிறதா, மீளக்கூடிய சேர்க்கை, பஃபரில் உப்பையும் பிஎச்சையும் மாற்றினால் தீரக்கூடும். குறையவில்லையா, பிரித்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இடது ஓரத்துப் புள்ளிகளை வெட்டுவது. மிகவும் மலிவானது, மிகவும் நடப்பது. திரள் நூற்றுக்கணக்கான நானோமீற்றர் பருமன் என்றால் அதன் சிதறல் மிகச் சிறிய கியூவிலேயே விழுந்துவிடும், சில புள்ளிகளை வெட்டினால் பெரிய பாவம் இல்லை. ஆனால் 9 நானோமீற்றர் நீளத் துகளுக்கு, பை (π) என்ற எண்ணை நீளத்தால் வகுக்க வரும் 0.35க்குக் கீழே கியூ தரவு கட்டாயம் வேண்டும், 20 மூலக்கூற்றுத் திரளின் வால் அந்த 0.35 வரைக்கும் வந்துதான் ஓயும். வெட்டினால் தேவையானதும் போகும், தேவையில்லாததன் மிச்சமும் நிற்கும். டைமர், ட்ரைமர் கலந்திருந்தால் வெட்டல் எதற்கும் உதவாது. 2017இல் ஜில் ட்ரூஹெல்லாவும் மற்றவர்களும் வெளியிட்ட வழிகாட்டல்படி கினியேக்கு எந்தப் புள்ளியிலிருந்து எடுத்தீர்கள் என்பதை எழுதத்தான் வேண்டும், மதிப்பாய்வாளர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

இனித் தம்பி கேட்ட மென்பொருள். ஒற்றை டியூப், ஒற்றை வளைகோடு, அதற்குள் புரதம் எவ்வளவு திரள் எவ்வளவு என்று எந்த மென்பொருளாலும் தனியாகச் சொல்ல முடியாது. ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாக்கணியம். திரளின் வடிவம் தெரிந்தால், உதாரணமாக டைமரின் பளிங்கமைப்பு கையில் இருந்தால், அட்சாஸ் மென்பொருள் தொகுப்பில் உள்ள ஒலிகோமர் என்ற நிரல் விகிதத்தைப் பொருத்தித் தரும். கண்டபடி திரண்டதற்கு வடிவம் என்று ஒன்று இல்லையே. கொலத்திலிருந்து வந்த நூற்றுக்கணக்கான சட்டகங்கள், அதாவது அடுத்தடுத்து எடுத்த அளவீடுகள், இருந்தால் கதை வேறு. கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து வெளியே போகிற ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு, வடிவம் எதையும் ஊகிக்காமலே பிரிக்கிற பரிணாமக் காரணிப் பகுப்பாய்வு 2016 அளவில் சாக்ஸுக்குள் வந்தது, பயோஎக்ஸ்டாஸ் ரோ என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது, சாதாரண மடிகணினியில் ஓடும். முன்னால் வரும் திரளின் வால் நல்ல சிகரத்துக்குள் கொஞ்சம் நீண்டிருந்தால் இது அழகாகப் பிரிக்கும். இரண்டும் முழுக்க ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால், நீங்கள் தெரிவு செய்கிற எல்லைகளுக்கு ஏற்ற விடைதான் வரும், எல்லையை இரண்டு சட்டகம் அங்கே இங்கே நகர்த்தி விடை நிற்கிறதா என்று பாருங்கள். ஆக கழித்தல் நடப்பது கொலத்துக்கு மேலதிகமாக. கொலத்துக்குப் பதிலாக இல்லை.

ஒரு விதிவிலக்கை நான் மதிக்கிறேன். கியோட்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று 2020இல் வெளியிட்ட முறை, பகுப்பாய்வு அல்ட்ரா சென்ட்ரிபியூஜையும் (சுழலும்போதே புரதம் படிவதை அளக்கும் கருவி) சிறுகோணச் சிதறலையும் இணைக்கிறது. காணாமல்போன அந்த இரண்டாவது சமன்பாட்டை வெளியிலிருந்து கொண்டுவருகிறார்கள்: சென்ட்ரிபியூஜ் மொனோமர் எத்தனை சதவீதம், திரள் எத்தனை சதவீதம் என்று தனியாகச் சொல்லிவிடும், அதை வைத்துப் பூச்சியக் கோண வலிமையில் மொனோமருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டு, திரளின் பங்கை வளைகோட்டிலிருந்து எடுக்கிறார்கள். கதிர் பலவீனமான ஆய்வுகூட சாக்ஸ் கருவியிலும் நியூத்திரன் சிதறலிலும் கொலத்தைக் கோர்ப்பது சிரமம், அங்கே இது பொருந்தும். கொலத்தில் ஒட்டிக்கொள்கிற புரதத்துக்கும் பொருந்தும். திரள் சொற்பமாக இருந்தால்தான் என்பதையும் மறக்க வேண்டாம், பாதி திரண்டதை எந்தக் கணக்கும் காப்பாற்றாது. அந்தச் சென்ட்ரிபியூஜ் இருக்கிற கூட்டாளி ஒருவர் வேண்டும், அதுவும் சாக்ஸ் எடுக்கிற அதே நாளை ஒட்டி. இடைவெளி விட்டால் இரண்டும் இரண்டு சாம்பிள்.

இவை எதுவும் தொடாத திரள் ஒன்று இருக்கிறது, கதிரே உண்டாக்குவது. எக்ஸ்-கதிர் நீரில் மூலிகங்களை உண்டாக்கும், அவை புரதத்தைத் தாக்கும், புரதம் கண்முன்னே திரளும். முதல் சட்டகத்தையும் கடைசிச் சட்டகத்தையும் ஒப்பிட்டால் தெரியும், 2015இல் வந்த கோர்மாப் சோதனை அதற்குத்தான். 5 சதவீதம் கிளிசரோல் நன்றாகத் தடுக்கும், புரதத்துக்கும் கரைசலுக்கும் இடையிலான சிதறல் மாறுபாட்டைக் கொஞ்சம் குறைக்கும், பரவாயில்லை. சாம்பிளை ஓடவிட்டு அளப்பது இன்னும் நல்லது. நியூத்திரனில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கனநீரில் போட்டால் சில புரதங்கள் தாமாகவே திரளத் தொடங்கும், அது வேறு தலைவலி.

அப்ப எதைத் தெரிவுசெய்வது? தம்பியிடம் இருப்பது பக்றீரியாவில் எடுத்த புரதம், ஒன்றிரண்டு மில்லிகிராம் தேறும். நான் சொன்னது: எஸ்இசி-சாக்ஸுக்கு விண்ணப்பியுங்கள், விண்ணப்பத்திலேயே திரளும் புரதம் என்று எழுதுங்கள், அதுவே கொலம் கேட்பதற்கான நியாயம். அனுப்பும் முன் 280இல் மட்டும் அளக்காமல் 350 நானோமீற்றரிலும் உறிஞ்சலைப் பாருங்கள். நிறமில்லாத புரதம் அங்கே உறிஞ்சாது, பூச்சியத்துக்கு மேலே ஏதாவது காட்டினால் அது சிதறல், அதாவது திரள். எந்த ஆய்வுகூடத்திலும் இருக்கிற ஒளிமானியால் செய்யலாம், காசு செலவில்லை. ஐந்து பஃபரில் இதைச் செய்து பார்த்துக் குறைவாகக் காட்டுகிறதை எடுத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

அரை மில்லிகிராமுக்கு மேல் தேறாது என்றால் கொலத்தில் ஐதாகி ஒன்றும் தெரியாமல் போகும் ஆபத்து உண்டு. அப்போது டியூபில் நேரடியாக அளப்பதுதான், கதிர்வரியிலேயே அளப்பதற்குச் சற்று முன் சுழற்றச் சொல்லி, இரண்டு மூன்று செறிவில். சென்ட்ரிபியூஜ் கூட்டாளி இருந்தால் கியோட்டோ வழி. இல்லையென்றால் கிடைக்கிறதிலிருந்து ஆரையை மட்டும் எச்சரிக்கையோடு சொல்லுங்கள், வடிவம் கட்டப் போகாதீர்கள்.

அருமையான சாம்பிளை முதல் தடவையிலேயே அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். சந்தையில் ஒரு பலாப்பழம் வாங்கினால் கொட்டையிலிருந்து ஜாக்கலின் என்ற புரதத்தை எடுக்கலாம், கலக்டோசு ஏற்றிய கொலத்தில் தானாகப் பிடிபடும், கொட்டை பிரச்சினையில்லாமல் கிடைப்பதால் அளவுக்கும் பஞ்சமில்லை. நான்கு உபஅலகு, சுமார் 66 கிலோடால்டன். பெங்களூரில் எம். விஜயன் குழு 1996இல் இதன் பளிங்கமைப்பை வெளியிட்டிருக்கிறது, அதை வைத்து கிரைசோல் மென்பொருளில் எதிர்பார்க்கும் வளைகோட்டை முன்கூட்டியே போட்டுவைக்கலாம். ஒரு பங்கை ஹெப்பெஸ்ஸில், ஒரு பங்கை பொசுபேற்றில், ஒன்றை உறையவைத்து, ஒன்றை 4 பாகையில் என்று இந்தப் புரதத்தையே பெட்டியில் அனுப்பிப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து போகிற வழி எவ்வளவு கெடுக்கிறது என்பது அந்த நான்கு வளைகோட்டிலும் தெரிந்துவிடும், அதற்கேற்ப அடுத்த பெட்டியைக் கட்டலாம். டியூபில் அளக்க அனுப்புகிறவர்கள், பின்னணிக் கழித்தலுக்காக, டயலிசிஸ் செய்த (சவ்வுப் பையில் வைத்து சாம்பிளின் பஃபரை மாற்றிய) அதே பஃபரில் 50 மில்லிலீற்றரைக் கூடவே வையுங்கள், அதே செய்முறையில் புதிதாகக் கலக்கினது கூடாது.